மூன்று போரில் ஜெயித்த பிராண்டன்பர்க் ஏன் வீழ்ந்தது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற வியூகக் கணினி விளையாட்டில் ஜெர்மன் நாடான பிராண்டன்பர்க்கை எடுத்து ஆடினீர்கள். 1444-இல் தொடங்கி 1470-க்குள் மூன்று போர், மூன்றிலும் வெற்றி. அக்கம்பக்கத்து நாடுகளான ஸ்டெட்டின், வோல்காஸ்ட், மாக்டபர்க் மூன்றையும் முழுசாக விழுங்கியாயிற்று. 1471-இல் சாக்சனி, பொஹிமியா, பிரன்ஸ்விக் என ஒன்பது நாடுகள் சேர்ந்து உங்கள் மேல் பாய்ந்தன. துணைக்கு வரவேண்டிய ஆஸ்திரியா அதற்கு முன்பே கூட்டணியை முறித்துக்கொண்டது. இதைச் சமாளிக்க எவ்வளவு பெரிய படை வேண்டும் என்று கேட்கிறீர்கள். படையைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது, ஒரு நாடு எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை இந்த ஆட்டத்தில் எது முடிவு செய்கிறது என்பதுதான். அதை முடிவு செய்வது படை இல்லை. அக்கம்பக்கத்தாரின் பயம்.

2014-இலிருந்து இதை ஆடி வருகிறேன். அதில் பெரும்பங்கு ஜெர்மன் சிற்றரசுகளோடு கழிந்தது. நான் சொல்லும் எண்கள் நாலாம் பாகத்தின் பிற்கால வெர்ஷன்களுக்கு உரியவை. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தில் இதே கருத்து வேறு பெயரில், வேறு கணக்கில் வருகிறது. அங்கே இவற்றைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதலில் உறுதியானவை. சமாதானத்தில் ஒரு மாகாணத்தை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள ஒவ்வொரு நாட்டிடமும் உங்கள் பெயரில் ஒரு கோபம் எழுதப்படுகிறது. அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன், சுருக்கமாக ஏ.ஈ. என்பது அதுதான். சாதாரணக் கைப்பற்றல் போரில் 10 டெவலப்மெண்ட் (ஒரு மாகாணத்தின் வளத்தைக் காட்டும் எண்) உள்ள மாகாணம் ஒன்றுக்கு அடிப்படையாக 7.5 விழும். எடுத்த இடத்துக்கு அருகில் இருப்பவர்கள், அந்த மாகாணத்தின் மதத்தையோ கலாசாரக் குழுவையோ பகிர்பவர்கள் ஆகியோருக்கு அது பெருகும். மாகாணம், ஜெர்மன் நாடுகள் பல அடங்கிய புனித ரோமப் பேரரசுக்குள் இருந்தால் இன்னும் பெருகும். உங்கள் மூன்று இரைகளும் பேரரசுக்குள், ஒரே மதம், ஒரே ஜெர்மன் கூட்டம், கைக்கெட்டும் தூரம். எதெல்லாம் கோபத்தைக் கூட்டுமோ அதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. அதே அளவு நிலத்தைக் கிழக்கே பேரரசுக்கு வெளியில் எடுத்திருந்தால், சாக்சனியும் பிரன்ஸ்விக்கும் இந்த அளவுக்குக் கொதித்திருக்கமாட்டார்கள்.

ஒரு நாட்டின் கணக்கில் இந்த எண் 50-ஐத் தொட்டு, உங்களோடு அதன் மொத்த உறவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால், உங்களுக்கு எதிராகப் பல நாடுகள் திரளும் எதிர்க்கூட்டணியில் அது சேரலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதைக் கவனியுங்கள், பின்னால் அது உதவும். கோபம் தானாக ஆண்டுக்கு 2 என்ற கணக்கில்தான் தணியும். 50 முழுதும் கரைய 25 ஆண்டு. நீங்கள் 26 ஆண்டில் மூன்று நாட்டை விழுங்கியிருக்கிறீர்கள். முதல் கோபம் பாதிகூட ஆறுவதற்குள் இரண்டாவது, அது ஆறுவதற்குள் மூன்றாவது.

இனி, நான் மிக முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். புதிதாக ஆடுபவர்கள் போர்க்களத்தில் காட்டும் கவனத்தைச் சமாதான மேசையில் காட்டுவதில்லை. எதிரி தலைநகர் விழுந்ததும் கிடைக்கிற அத்தனையையும் டிக் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் திரையில் நிதானமாக உட்காரப் பழகுங்கள். என் ஆட்டம் ஒன்றில் சாக்சனியோடு போர். அதன் கோட்டைகள் எல்லாம் என் கையில், போர் மதிப்பெண் 90-ஐத் தாண்டிவிட்டது. மூன்று மாகாணங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, யார் யாருக்கு எவ்வளவு கோபம் வரும் என்று காட்டும் பட்டியலின் மேல் மவுஸை வைத்தேன். 50-ஐத் தாண்டி ஏழு பெயர். மூன்றாவது மாகாணத்தை நீக்கிவிட்டுப் பார்த்தேன், நாலு பெயர். இரண்டாவதையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் பணத்தையும் போர் இழப்பீட்டையும் போட்டேன். துரிங்கியா மட்டும் மிச்சம், அதுவும் 51. பணத்துக்கும் இழப்பீட்டுக்கும் ஏ.ஈ. கிடையாது. ஒரு மாகாணத்தோடு எழுந்தேன். துரிங்கியாவுக்கு ஒரு தூதரை அனுப்பினேன். சாக்சனி பத்து ஆண்டு எனக்கு மாதாமாதம் இழப்பீடு கட்டியது. அந்தப் பணத்தில்தான் அடுத்த போருக்கான கூலிப்படை வந்தது. விட்டுவந்த இரண்டு மாகாணமும் எங்கும் ஓடிவிடவில்லை.

அடுத்தது போர்நிறுத்தக் காலம். இதைப் பலரும் தொல்லையாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் வளர நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. சமாதானத்தில் எவ்வளவு பிடுங்கினீர்களோ அதற்கேற்ப 5 முதல் 15 ஆண்டுவரை போர்நிறுத்தம் இருக்கும். அந்தக் காலத்தில் அந்த நாடு உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேர முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாட்டுக்கு உங்கள் மேல் 70 கோபம், 15 ஆண்டு போர்நிறுத்தம். ஆண்டுக்கு 2 வீதம் 30 தணிந்து, காலம் முடியும்போது 40-இல் நிற்கும். ஆபத்துக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. கொதித்துக்கொண்டிருந்த காலம் முழுதும் கை கட்டப்பட்டிருந்தது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் முதலில் தலைகீழாகத் தோன்றும். நீங்கள் துணையில்லாத நாடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அடித்தீர்கள், தனியாக நிற்பவனை அடிப்பது சுலபம் என்று. ஆனால் போரில் ஒரே எதிரி என்றால் போர்நிறுத்தமும் அந்த ஒருவனோடுதான். அவனையும் முழுசாக விழுங்கிவிட்டதால் போர்நிறுத்தம் செய்துகொள்ள ஆளே இல்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் கைவீசி நின்றார்கள். அதற்குப் பதிலாக, கோபப்படப்போகிற இரண்டு மூன்று பேரைத் துணையாக வைத்திருக்கும் நாட்டை அடித்திருந்தால், போர் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும். முடிவில் அவர்கள் அத்தனை பேரோடும் போர்நிறுத்தம் வந்திருக்கும். பெரிய துணையோடு தனிச் சமாதானம் பேசி அவனிடம் பணத்தைக் கறந்துகொண்டு, சிறியவனிடம் நிலத்தை எடுக்கலாம். எந்தப் போரைத் தொடங்குவது என்று யோசிக்கும்போது நான் எதிரியின் படை எண்ணிக்கைக்கு முன்னால் அவனுடைய துணைவர் பட்டியலைப் பார்ப்பது இதற்காகத்தான். ஆனால் போர்நிறுத்தத்தை நீங்களே மீறக் கூடாது. மீறினால் ஸ்திரத்தன்மை 5 புள்ளி சரியும். எந்த லாபமும் அதை ஈடுகட்டியதாக எனக்கு நினைவில்லை.

எதிர்க்கூட்டணிக்கு இரண்டு நிபந்தனை என்றேனே, அதில் இரண்டாவதைத் தூதர்களால் உடைக்கலாம். ஒரு தூதர் உறவை 100 வரை உயர்த்த முடியும். சாக்சனிக்கு உங்கள் மேல் 60 கோபம் இருந்தாலும் மொத்த உறவு பூஜ்ஜியத்துக்கு மேல் நின்றால் அது சேராது. ஆகவே தூதர்களைப் போருக்குப் பிறகு அனுப்பாதீர்கள், போருக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே அனுப்புங்கள். எல்லோருக்கும் அனுப்ப ஆள் போதாது. பெரியவர்களைப் பிடியுங்கள். உங்கள் விஷயத்தில் சாக்சனியும் பொஹிமியாவும் விலகி நின்றிருந்தால் மற்ற ஏழு பேரும் துணிந்திருப்பது கடினம். உறவு மேம்பாட்டைக் கூட்டும் ஆலோசகர் கிடைத்தால் தயங்காமல் வேலைக்கு வையுங்கள். அவர் தூதரின் வேலையை மட்டும் வேகப்படுத்துவதில்லை, கோபம் தணியும் வேகத்தையும் கூட்டுகிறார். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆஸ்திரியா கைவிட்டதைத் துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பதிவிலேயே காரணம் இருக்கிறது, போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: பேரரசர் மாக்டபர்க்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன் என்று. அந்தப் பேரரசர் ஆஸ்திரியாதான். பேரரசுக்குள் ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினரின் நிலத்தை எடுத்தால், அதைச் சட்டவிரோத நிலம் என்று திருப்பிக் கேட்கும் உரிமை பேரரசருக்கு உண்டு. மறுத்தால் உறவு கெடும். ஏற்கெனவே ஏறியிருந்த கோபத்தோடு இதுவும் சேர்ந்து அவருடைய மனநிலையை மாற்றியிருக்கும். பேரரசருக்குத் துணைவனாக இருந்துகொண்டு பேரரசுக்குள்ளேயே நிலம் பிடிப்பது என்றைக்கும் இழுபறிதான். ஒன்று, அவரோடு உறவை மிக உயரத்தில் வைத்துக்கொண்டு மறுப்பைத் தாங்கும் நிலையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் நிலத்தை நேரடியாக எடுக்காமல் வேறு வழியில் சேர்க்கவேண்டும்.

வேறு வழி என்றால் சிற்றரசு, அதாவது உங்களுக்குக் கீழ்ப்பட்டு நடக்கும் நாடு. ஒரு நாட்டைச் சிற்றரசாக வைத்துக்கொண்டால் பத்து ஆண்டுக்குப் பிறகு, உறவு 190-ஐ எட்டியிருந்தால், இணைத்துக்கொள்ளத் தொடங்கலாம். நேரடியாகப் பிடித்த நிலத்தை உங்களுடையதாக்க டெவலப்மெண்ட் ஒன்றுக்கு 10 நிர்வாகப் புள்ளி வேண்டும். இணைப்புக்கு ராஜதந்திரப் புள்ளி 8 போதும். நிர்வாகப் புள்ளிக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு என்பது உங்களுக்கே தெரியும். பிடித்தும் இன்னும் உங்களுடையதாகாத நிலத்தின் அளவைக் காட்டும் எண் 100 சதவீதத்தைத் தாண்டினால் வருகிற கலகங்களும் இந்த வழியில் குறையும்.

சிற்றரசால் கிடைக்கும் இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. ஒரு நாடு முன்பு தான் இழந்த நிலத்தின் மேல் உரிமை வைத்திருக்கும். அந்த நாடு உங்கள் சிற்றரசானால், அதன் பெயரில் மீட்புப் போர் தொடுக்கலாம். மீட்புப் போரில் உரிமையுள்ள நிலத்தை எடுத்தால் கோபம் ஏறக்குறைய கால் பங்குதான். பால்கனில் ஆடியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஒட்டோமான்களிடமிருந்து பல்கேரிய மாகாணம் ஒன்றை மட்டும் எடுத்து, அதில் பல்கேரியாவைச் சிற்றரசாக எழுப்பி, அடுத்த போரில் பல்கேரியாவின் மீதி நிலங்களைத் திருப்பிக் கேட்பது. பத்து மாகாணத்தை ஹங்கேரியாக இருந்து நேரடியாக எடுத்தால் ஐரோப்பாவே எழுந்து நிற்கும். பல்கேரியாவுக்குத் திருப்பிக் கொடுத்தால் முணுமுணுப்போடு போய்விடும். ஆனால் சிற்றரசுகள் எல்லாம் சேர்ந்து உங்களுக்குச் சமமான பலத்துக்கு வந்துவிட்டால் விடுதலை ஆசை ஏறும். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள், இணைப்பும் நடக்காது.

இந்தக் கணக்கெல்லாம் வரலாற்றோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் எடுத்த நாடு பிராண்டன்பர்க் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1464-இல் ஸ்டெட்டினின் கடைசிப் பிரபு மூன்றாம் ஓட்டோ வாரிசில்லாமல் இறந்தார். பிராண்டன்பர்க்கின் தேர்வுப் பிரபு (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ளவர்) இரண்டாம் ஃபிரடெரிக் அந்த நிலம் தனக்கே சேரவேண்டும் என்றார். வோல்காஸ்ட் பிரபுக்கள் விடவில்லை. சண்டையும் ஒப்பந்தமுமாக இழுத்து 1472-இல் பிரென்ஸ்லாவில் முடிந்தது: நிலம் வோல்காஸ்ட்காரர்களிடமே, பிராண்டன்பர்க்குக்கு மேலாண்மை உரிமையும் எல்லையோரத்தில் சில ஊர்களும். ஸ்டெட்டின் நகரம், பிராண்டன்பர்க் பின்னாளில் வளர்ந்து ஆன பிரஷ்யாவின் கைக்கு வந்தது 1720-இல், ஸ்வீடனோடு செய்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில். இடையில் 256 ஆண்டு. நீங்கள் அதை ஒரே போரில் எடுத்துவிட்டீர்கள். பிராண்டன்பர்க்கை ஆண்ட ஹோஹென்சொல்லர்ன் குடும்பம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கத்தியில்லாத வழிகள்தான். நியூமார்க் என்ற பகுதியை 1450-களில் டியூட்டானிக் ஆர்டர் என்ற மதவீரர் அமைப்பிடமிருந்து பணம் கொடுத்து வாங்கினார்கள். பிரஷ்யப் பிரபுநாடு 1618-இல் திருமண உறவால் வந்தது. கிழக்குப் பொமரேனியா 1648-இல் வெஸ்ட்பாலியா சமாதான மேசையில் கிடைத்தது.

கத்தியை எடுத்த பெரிய தருணம் 1740 டிசம்பர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக், நாம் மகா ஃபிரடெரிக் என்கிறவர், ஆஸ்திரியாவின் சைலீசியாவுக்குள் படையோடு நுழைந்தார். ஒரே வீச்சில் செழிப்பான மாகாணம். ஆஸ்திரியா அதை மறக்கவில்லை. ஆஸ்திரிய ராஜதந்திரி கௌனிட்ஸ் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வேலை செய்து, பரம்பரை எதிரியான பிரான்ஸையே 1756 மே மாதம் ஆஸ்திரியாவின் பக்கம் கொண்டுவந்தார். ஏழாண்டுப் போரில் ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யா, ஸ்வீடன் எல்லாம் ஒரு பக்கம், பிரஷ்யா மறுபக்கம். 1759-இல் குனெர்ஸ்டார்ஃபில் பிரஷ்யப் படை நொறுங்கியது. 1762 ஜனவரியில் ரஷ்ய அரசி எலிசபெத் இறந்து, ஃபிரடெரிக்கை வியந்து பார்த்த மூன்றாம் பீட்டர் பதவிக்கு வந்திராவிட்டால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். 1763-இல் சைலீசியா பிரஷ்யாவிடமே தங்கியது. உங்கள் 1471-ஐப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் போர்தான்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். ஆட்டத்தில் கோபம் ஆண்டுக்கு இரண்டு என்று ஒழுங்காகக் கரைகிறது. நிஜத்தில் சைலீசியாவின் கோபம் பதினாறு ஆண்டாகியும் கரையவில்லை, ஒரு மனிதர் அதை அணையாமல் காத்தார். இந்த ஆட்டத்தில் கௌனிட்ஸ் கிடையாது. அதனால்தான் பொறுத்திருப்பது இங்கே நிஜத்தைவிட அதிகமாகப் பலன் தருகிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. எதிர்க்கூட்டணி உருவாகிவிட்டது என்பதாலேயே போர் வந்துவிடாது. உங்கள் பலத்தையும் உங்கள் துணைவர்களின் பலத்தையும் கணினி எடைபோடுகிறது என்பது நிச்சயம். எந்த விகிதத்தில் துணிகிறது என்பது எனக்கு அனுபவத்தில் கிடைத்த ஊகம்தான்: பெரிய துணைவன் ஒருவன் பக்கத்தில் இருக்கும்வரை எதிர்க்கூட்டணி பல ஆண்டு சும்மா இருப்பதையும், அவன் வேறு போரில் மாட்டிய மாதமே பாய்வதையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். துணைவர்களை அழைப்பதிலும் அப்படித்தான். நிலம் தருவதாக வாக்குக் கொடுக்காமல் உங்கள் போருக்கு அழைக்க அந்தத் துணைவனிடம் நீங்கள் சேர்த்துவைத்த 10 சலுகைப் புள்ளி வேண்டும் என்பது விதி. ஆனால் கடனில் மூழ்கியவனும் ஏற்கெனவே சண்டையில் இருப்பவனும் புள்ளி இருந்தும் வரமாட்டான். அழைக்கும் முன் அந்தப் பொத்தானின் மேல் மவுஸை வைத்தால் காரணங்கள் எல்லாம் வரிசையாக வரும். போர் அறிவித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

சரி, இப்போதைய சேவ் கோப்புக்கு வருவோம். அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம், அதில் இன்னும் உயிர் இருக்கிறது. எதிர்க்கூட்டணியோடு நடக்கும் போரில் உறுப்பினர்களோடு தனித்தனியே சமாதானம் பேச முடியாது, தலைமை நாட்டோடுதான் பேசவேண்டும். தலைநகர் விழும்வரை காத்திருக்காமல், படை மிச்சமிருக்கும்போதே பேசுங்கள். மாக்டபர்க்கை விடச் சொன்னால் விடுங்கள், அது பேரரசர் கேட்ட நிலமும்கூட. ஸ்டெட்டினைக் காப்பாற்றப் பாருங்கள். கையெழுத்தான நாளிலிருந்து ஒன்பது பேரோடும் ஒரே நேரத்தில் போர்நிறுத்தம். குறைந்தது ஐந்து ஆண்டு அவர்கள் யாரும் உங்களுக்கு எதிராகத் திரளமுடியாது. அந்த ஐந்து ஆண்டில் பத்துப் புள்ளி தானாகத் தணியும். ஒரு தூதரைச் சாக்சனிக்கும் இன்னொருவரை ஆஸ்திரியாவுக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அப்புறம் கிழக்கே பாருங்கள். 1471-க்குள் போலந்திடம் அடிவாங்கி டியூட்டானிக் ஆர்டர் மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம், அது பேரரசுக்கு வெளியே இருக்கிறது. அங்கே எடுக்கும் ஒரு மாகாணத்துக்குப் பிரன்ஸ்விக் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாது.